தொப்பூர் மழையில் நிற்கிற டயர் எது?

தருமபுரியில் எந்த டயர் கடையில் வேண்டுமானாலும் அரை மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாருங்கள். உள்ளே வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றேதான்: “அண்ணா, இது எத்தனை கிலோமீட்டர் ஓடும்?” கடைக்காரரும் சளைக்காமல், “நாப்பது கண்டிப்பா வரும், நல்லா ஓட்டுனா அம்பதும் வரும்” என்பார். இரண்டாவது கேள்வி விலை. மூன்றாவது, பழசுக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்பது. பேரம் படிந்ததும் டயர் ரிம்மில் ஏறிவிடும். மழையில் பிரேக் அடித்தால் இது எங்கே போய் நிற்கும் என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் பல வருஷம் கேட்டதில்லை. தொப்பூர்தான் கேட்க வைத்தது.

அது ஒரு ஐப்பசி மாதம். சேலத்தில் ஒரு கல்யாணம். கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் காருக்கு இரண்டு டயர் மாற்றியிருந்தேன். நான்கும் மாற்றக் கையில் காசில்லை. கடையில், “முன்னாடிதானே இன்ஜின் இழுக்குது, புதுசு ரெண்டையும் முன்னாடி போட்டுடலாம் சார்” என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முன்னால் இருந்ததில் தேறிய இரண்டு பின்னால் போயின. தரையைப் பிடிக்கும் மேற்பரப்புக் கட்டைகளான பட்டன் கொஞ்சம்தான் மிச்சம், ஆனால் மொட்டை இல்லை.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம், அன்றைக்கு மழை வேறு. முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு வளைவில் பளிச்சென்று எரிந்தது. நானும் பிரேக்கை மிதித்தேன். முன்பக்கம் சொன்னபடி கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ காரின் வாலைப் பிடித்துத் தள்ளியதுபோல் வண்டி குறுக்கே திரும்பி, சாலையோரத்து மண்ணில் போய் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் எப்படியோ நிறுத்திவிட்டார். கண்ணாடியை இறக்கி அவர் திட்டியது இங்கே எழுதத் தக்கதல்ல.

தப்பு எங்கே என்று புரிய எனக்கு ரொம்ப நாளானது. முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்குகிறது. அதனால் அதுதான் சீக்கிரம் தேயும். கடைக்காரர் சொன்னதில் அதுவரைக்கும் சரி. ஆனால் ஈரத்தில் எந்த டயர் முதலில் பிடியை விடுகிறது என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. முன் டயர் விட்டால் வண்டி திரும்பாமல் நேராக ஓடப் பார்க்கும். ஸ்டீயரிங்கில் அது உடனே தெரியும், ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் விட்டால் முன்னறிவிப்பே கிடையாது. வண்டி பம்பரம்போலச் சுழலும், அதைத் திருத்த ரேஸ் ஓட்டுநர் வேண்டும், நாம் ஆக மாட்டோம். ஆகவே இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதுசு பின்னால் போகவேண்டும். இழுவை முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. பெரிய டயர் கம்பெனிகளும் இதைத்தான் சொல்கின்றன. இன்றைக்கும் ஊரில் பத்துக் கடைக்குப் போனால் எட்டில் முன்னால்தான் போடப் பார்ப்பார்கள். நாமாகச் சொன்னால்தான் உண்டு.

அதிகம் ஓடுவதும் அதிகம் பிடிப்பதும்

கிலோமீட்டர் கேள்விக்கு வருவோம். அது தப்பான கேள்வி இல்லை. முதல் கேள்வியாக இருப்பதுதான் தப்பு.

ஒரு காரின் நான்கு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் இடம் நான்கு உள்ளங்கை அளவுதான். ஒரு டன் வண்டியை வளைவில் பிடித்து வைத்திருப்பது அந்த நான்கு உள்ளங்கைகள். அங்கே இருக்கும் ரப்பர் மெத்தென்று இருந்தால், சாலையின் சொரசொரப்புக்குள் புகுந்து பற்றிக்கொள்ளும். பற்றுவதால் தேயும். கெட்டியாக இருந்தால் தேய்மானம் குறையும், பிடியும் குறையும். தோசைக்கல்லில் ஒட்டாத மாவும் வேண்டும், கல்லைவிட்டு வழுக்காத மாவும் வேண்டும் என்றால் எப்படி? நீண்ட ஓட்டம், ஈரப்பிடி, பெட்ரோல் மிச்சம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும். ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டில் ஏதோ ஒன்று குறையும்.

இந்த இழுபறியைக் கொஞ்சம் தளர்த்தியது சிலிக்கா. டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் ரப்பர் அல்ல, அதில் கலக்கும் கரித்தூள். ரப்பருக்கு உறுதி தருவதும் அதுதான். அந்தக் கரித்தூளில் ஒரு பங்குக்குப் பதிலாக மணலின் உறவுக்காரனான சிலிக்காவைக் கலந்தால், ஈரத்தில் பிடியும் கூடும், உருளும்போது வீணாகும் சக்தியும் குறையும். மிஷெலின் 1992-இல் இந்த வழியில் கார் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்போது எல்லாக் கம்பெனிகளுமே செய்கின்றன. ஒரே கம்பெனியில் ஒரே அளவில் இரண்டு மாடல், விலையில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் என்றால், அந்த ஆயிரம் பெரும்பாலும் இந்தக் கலவைக்கும் பட்டன் வடிவமைப்புக்கும் போகிறது. டாக்சிக்காரருக்கு விற்கும் நெடுநாள் ஓடும் மாடலையே வீட்டுக்காருக்கும் தலையில் கட்டுவது இங்கேதான் நடக்கிறது. வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 60,000 ஓடும் டயர் எதற்கு? ஏழு வருஷம் கழித்தும் பட்டன் இருக்கும், ரப்பர் மட்டும் செருப்பின் அடிபோலக் காய்ந்திருக்கும்.

பிடியை டயரைப் பார்த்தே தெரிந்துகொள்ள ஓரளவு வழி இருக்கிறது. சில டயர்களின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் 320, ட்ராக்‌ஷன் ஏ, டெம்பரேச்சர் ஏ என்பதுபோல ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அது அமெரிக்க அரசின் தர முறை. ட்ரெட்வேர் எண் பெரிதாக ஆக, தேய்மானம் குறைவு. ஆனால் அந்த எண்ணைக் கம்பெனியே தனக்குப் போட்டுக்கொள்கிறது. ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு மாடலை ஒப்பிடலாம், இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டால் ஏமாறுவோம். ட்ராக்‌ஷன் என்பது ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் அடித்துப் பார்த்தது, ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கும். வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லாது. டெம்பரேச்சர் சூட்டைத் தாங்கும் திறன். நம் ஊருக்கு அதில் பி-க்குக் கீழே வாங்க வேண்டாம், கிடைத்தால் ஏ.

இந்தியாவிலும் ஈரப்பிடி, உருளும் தடை, சத்தம் ஆகிய மூன்றுக்கும் ஏஐஎஸ் 142 என்ற தரத்தின்படி குறைந்தபட்ச அளவைக் கட்டாயமாக்கி 2022-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிப்பு வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனால் அது பாஸ் மார்க், ரேங்க் அல்ல. சில டயர்களில் மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ.யின் நட்சத்திர ஸ்டிக்கரும் ஒட்டி வருகிறது. ஃபிரிட்ஜில் பார்ப்போமே, அதே நட்சத்திரம். அது எரிபொருள் சிக்கனத்துக்கானது. ஐந்து நட்சத்திரம் என்பதற்காகத் தொப்பூரில் நன்றாக நிற்கும் என்று அர்த்தமில்லை.

சித்தப்பாவின் பதினைந்து இஞ்ச் ஆசை

பாலக்கோட்டில் இருக்கும் என் சித்தப்பா போன வருஷம் டயர் வாங்க என்னைத் துணைக்கு அழைத்தார். டிசையர், அடிப்படை மாடல். அவருடைய சம்பந்தியின் வண்டியில் பெரிய அலாய் ரிம் பளபளப்பதைப் பார்த்ததிலிருந்து இவருக்கும் பதினைந்து இஞ்ச் வேண்டும் என்று ஆசை. “சின்னச் சக்கரமா இருக்குடா, பார்க்கவே எடுப்பா இல்ல” என்பது அவர் கட்சி.

வண்டியில் இருந்தது 165/80 ஆர்14 85டி. இந்த எழுத்துக் கூட்டத்தைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு பக்கச்சுவரின் உயரம், அதாவது 132 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், டயரின் உள்கட்டமைப்பு வகை. 14 ரிம்மின் விட்டம், இஞ்ச் கணக்கில். 85 என்பது சுமைக் குறியீடு, கிலோ அல்ல. அட்டவணைப்படி 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். கடைசி எழுத்து வேகம். எஸ் 180, டி 190, எச் 210, வி 240 கிலோமீட்டர் வரை. நாம் எங்கே 190-இல் போகப்போகிறோம் என்று தோன்றும். வேகம் என்பது இங்கே சூட்டுக்கு மறுபெயர். கூடுதல் வேக எழுத்து உள்ள டயர், கூடுதல் சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சித்தப்பாவின் ஆசையைக் கணக்குப் போடலாம். பழைய டயரின் மொத்த உயரம்: ரிம் 355.6 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக 132 இரண்டு தடவை, ஆக 619.6. அதே காரின் மேல் மாடல்களில் வரும் 185/65 ஆர்15-ஐப் பாருங்கள். ரிம் 381, பக்கச்சுவர் 120.25 இரண்டு தடவை, ஆக 621.5. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டரும் ஓடோமீட்டரும் அசையாது, மட்கார்டில் உரசாது. சுமைக் குறியீடும் 88, அதாவது 560 கிலோ. இது போடலாம். உயரம் மூன்று சதவீதத்துக்குமேல் மாறக்கூடாது, சுமைக் குறியீடும் வேக எழுத்தும் பழையதைவிடக் குறையக்கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றது அவரவர் காசும் கண்ணும். வண்டி வாங்கும்போது கொடுத்த புத்தகத்தில் இல்லாத அளவைப் போட்டால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்க இடமிருக்கிறது என்பதையும் சித்தப்பாவிடம் சொல்லிவைத்தேன்.

ஆனால் கணக்கில் ஒன்று உதைத்தது. பக்கச்சுவர் 132-இலிருந்து 120-க்கு இறங்குகிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பாலக்கோட்டிலிருந்து அவருடைய தோட்டத்துக்குப் போகும் வழியில் வெள்ளை பெயின்ட் அடிக்காத வேகத்தடை நான்கு, பஞ்சாயத்து ரோடு முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம். அந்த உதையை வாங்கிக்கொள்வது பக்கச்சுவர்தான். சுவர் குள்ளமானால் உதை ரிம்முக்குப் போகும். ஸ்டீல் ரிம் வளையும், தட்டி எடுக்கலாம். அலாய் ரிம் விரிசல் விடும். சித்தப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். “அப்ப சம்பந்திக்கு எப்படி?” சம்பந்தி ஓசூரில் இருக்கிறார், வீட்டு வாசல்வரை சிமென்ட் ரோடு. பதினான்கே போதும் என்று முடிவானது.

வெயிலும் தக்காளியும்

சித்தப்பாவின் வண்டிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. சீசனில் அது கார் இல்லை, குட்டியானை. ஆள் கிடைக்காத அன்றைக்கு டிக்கியிலும் பின்சீட்டிலுமாக ஆறு கிரேட் தக்காளியை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போய்விடுவார். கிரேட் ஒன்று இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்ச் சீசனில் இதே கூத்தை இன்னும் பெரிதாகப் பார்க்கலாம்.

டயரின் சுமைக் குறியீடு இதற்குத் தாராளமாகவே இடம் தருகிறது. பிரச்சினை காற்றில். 85 என்ற குறியீடு சொல்லும் 515 கிலோ, டயரில் முழுக் காற்று இருந்தால்தான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இரண்டு பேர் போனால் எவ்வளவு, நிறைய சுமையோடு போனால் எவ்வளவு என்று பல வண்டிகளில் தனித்தனியாகவே போட்டிருப்பார்கள். பின்சக்கரத்துக்குச் சுமையோடு கூடுதல் காற்று வேண்டும். அந்த ஸ்டிக்கரைப் படித்தவர் எத்தனை பேர்? பங்க்கில் காற்றடிக்கும் தம்பி எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணைத்தான் அடிப்பார், நாமும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

காற்று குறைந்த டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள், வளைகிற இடம் சுடும். டயர் அதை நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்கிறது. உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட்டும் ரப்பரும் சூட்டில் மெல்லமெல்ல விலகும். வெளியே ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, காவேரிப்பட்டணம் தாண்டி என்.எச். 44-இல் நூறில் போகும்போது ஒரு நொடியில் விட்டுப்போகும். “நல்ல டயருங்க, திடீர்னு வெடிச்சிடுச்சு” என்பார்கள். திடீரென்று வெடிப்பது ரொம்ப அபூர்வம். பல வாரம் வெந்துதான் வெடிக்கிறது.

வெயிலுக்குக் காற்றைக் குறைத்து வைக்கவேண்டும் என்று இங்கே ஒரு நம்பிக்கை இருக்கிறது. தலைகீழ். சூட்டில் காற்றழுத்தம் ஏறுவது உண்மைதான். ஐந்தரை டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. என்பது கணக்கு. காலையில் 33 அடித்தது மதியம் 37, 38 காட்டும். கம்பெனிக்காரன் அதையும் சேர்த்துத்தான் 33 என்று சொல்லியிருக்கிறான். சூடான டயரில் காற்றை இறக்கினால், மறுநாள் காலை அது குறைந்த காற்றோடு கிளம்பும், அதிகமாக மடங்கும், இன்னும் சூடாகும். காற்றுப் பார்ப்பதென்றால் காலையில், வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குமேல் ஓடுவதற்கு முன்னால். இதில் ஒரு சின்ன வேடிக்கை: ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், சேலம் 300-க்கும் கீழே. அதே டயர், அதே சூடு என்றாலும் வெளிக்காற்றின் அழுத்தம் மாறுவதால் சேலத்தில் கேஜ் ஒரு பி.எஸ்.ஐ. குறைத்துக் காட்டும். பயப்பட வேண்டாம். நைட்ரஜன் பற்றியும் கேட்பீர்கள். நாம் சும்மா அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

கல் ரோடு, காட்டு ரோடு

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டங்களின் சாலைகளை ஒரே சாலையாக நினைக்க முடியாது. நான்குவழி, கணவாய், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் காட்டு வளைவுகள், அஞ்செட்டிப் பக்கத்து மேடுபள்ளம், பர்கூர், ஜெகதேவி சுற்றுவட்டாரத்தில் கிரானைட் லாரிகள் சிதறிவிட்டுப் போகும் சில்லுகள். அந்தச் சில்லு ஜல்லி மாதிரி உருண்டை கிடையாது, கத்தி. பட்டனில் குத்தினால் பஞ்சரோடு போகும். பக்கச்சுவரில் கீறினால் டயரே போச்சு. பக்கச்சுவருக்கு ஒட்டு கிடையாது. போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

பொலிரோ, ஸ்கார்பியோ வைத்திருப்பவர்கள் இந்த ரோட்டைச் சாக்கிட்டு முரட்டுப் பட்டன் போட்ட ஏ.டி., அதாவது ஆல் டெரெய்ன் டயருக்கு ஆசைப்படுவார்கள். குவாரிக்கே தினம் போகிறவர், மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர் என்றால் சரி. அதன் ரப்பர் தடிப்பு, கீறலைத் தாங்கும். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்வது நல்லது. பட்டன் கட்டைகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம் என்பதால் மண்ணில் கவ்வும். அதே இடைவெளியால் தார் ரோட்டில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. ஈரத்தில் பிரேக் தூரம் கூடும், உள்ளே வண்டு குடைவதுபோல் சத்தம், டீசலும் கூடுதல். வருஷத்தில் முந்நூறு நாள் தாரிலேயே ஓடும் பொலிரோவுக்கு எச்.டி., அதாவது தார் ரோட்டுக்கான ஹைவே டெரெய்ன் டயர்தான் பொருத்தம். எம்.டி., அதாவது சேற்றுக்கான மட் டெரெய்ன் என்று இன்னும் முரடான ஒன்று உண்டு. அதைத் தொப்பூர் மழையில் நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பட்டன் வடிவம் மூன்று வகை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது எந்தச் சக்கரத்திலும் மாற்றிப் போடலாம், கிராமத்துக்கு வசதி. அம்புக்குறி போட்டு வருவது தண்ணீரை நன்றாகப் பிளந்து தள்ளும், ஆனால் ஒரே திசையில்தான் சுழலவேண்டும், அவசரத்துக்கு ஸ்டெப்னியாகப் போட்டால் தலைகீழாகச் சுழலும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இருப்பதில் ஆங்கிலத்தில் அவுட்சைட் என்று எழுதியிருக்கும் பக்கம் வெளியே தெரியவேண்டும். மாட்டி முடித்தபின் நான்கு சக்கரத்தையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள், இதில் தப்பு நடப்பது சகஜம்.

மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு ஒரு வரி. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர் தயாராகிற ஊர்க்காரர்கள் நாம், காரும் அதிகமாகிக்கொண்டே வருகிறது. பேட்டரியால் வண்டி கனம், மோட்டார் எடுத்தவுடன் முழு விசையோடு இழுக்கும், டயர் வேகமாகத் தேயும். எக்ஸ்.எல்., அதாவது கூடுதல் சுமைக்கானது என்று போட்ட டயர் வந்திருந்தால் மாற்றும்போதும் அதேதான் வேண்டும்.

பிறந்த தேதி

டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட வரிசை ஒன்று இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம் பிறந்த தேதி. 2324 என்றால் 2024-ஆம் வருஷம், 23-ஆவது வாரம். சில நேரம் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுசாக இருக்கும், டயரைப் புரட்டிப் பார்க்கவேண்டும். பிராண்டைவிட இந்த நான்கு இலக்கத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ரப்பர் கடையில் சும்மா இருந்தாலும் காற்றோடும் ஓசோனோடும் சேர்ந்து கெட்டியாகிக்கொண்டே இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் என்றால் அருமை. ஒரு வருஷம் என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் என்றால் வேண்டாம். எம்.ஆர்.எஃப். அரக்கோணத்தில், அப்பல்லோ ஒரகடத்தில், சியட்டும் ஜே.கே.யும் ஸ்ரீபெரும்புதூரில் என்று நம் மாநிலத்திலேயே டயர் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. கிருஷ்ணகிரிக்குப் பழைய டயர் வரவேண்டிய அவசியமே இல்லை. வெளிநாட்டில் செய்தது என்று பெருமையாகக் காட்டினால் தேதியை இரண்டு தடவை பாருங்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டபின், வருகிற சரக்கு குறைந்துவிட்டது, கோடவுனில் கிடப்பதற்கும் வாய்ப்பு உண்டு. எங்கே செய்ததானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐஎஸ் 15633 என்ற எண் இருக்கவேண்டும்.

அரூரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைத் தெரியும். கார் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும், மாதம் இரண்டு தடவை கோயிலுக்கு எடுப்பார். ஒன்பது வருஷ டயர், பட்டன் புதுசுபோல. “பட்டன் முழுசா இருக்கே தம்பி, எதுக்கு மாத்தணும்?” பக்கச்சுவரை விரலால் அழுத்தி வளைத்துக் காட்டினேன். கோடைகால ஏரிபோல மயிரிழை வெடிப்புகள். ஐந்து வருஷத்துக்குமேல் போனால் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள், எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்தோடு நிறுத்திவிடுங்கள் என்பது பொதுவான அறிவுரை. வெயிலில் நிற்கும் வண்டிக்கு என் கணக்கு ஆறு, ஏழு.

அதிகம் ஓடும் வண்டிக்கு எதிர்ப்பிரச்சினை. புது டயரில் பட்டன் ஆழம் எட்டு மில்லிமீட்டருக்குப் பக்கம். 1.6-க்குக் கீழே போனால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஓட்டக்கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னத் திட்டுகள் இருக்கும், பட்டன் அதற்குச் சமமானால் அதுதான் 1.6. ஆனால் தண்ணீர் சட்டம் படிப்பதில்லை. மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே வரும்போதே பள்ளத்துக்குத் தண்ணீரை வெளியேற்ற நேரம் போதாமல், டயர் நீர்ப்படலத்தின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். ஆடி, ஆவணியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை என்று இரண்டும் பெய்யும் ஊர் இது. மூன்று வந்ததும், ஆடிக்கு முன்னால் மாற்றிவிடுவது என் வழக்கம்.

பழசைப் படித்துவிட்டுப் புதுசை வாங்கு

சித்தப்பாவோடு கடைக்குப் போனபோது புது டயரைக் காட்டச் சொல்வதற்கு முன்னால், கழற்றிய நான்கையும் வரிசையாகச் சுவரில் சாய்க்கச் சொன்னேன். கடைத் தம்பி வித்தியாசமாகப் பார்த்தான். பழைய டயர் என்பது மூன்று வருஷத்து டைரி. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட், திட்டுத்திட்டாக என்றால் பேலன்சிங் அல்லது ஷாக் அப்சார்பர். சித்தப்பாவின் பின் டயர் இரண்டிலும் ஓரங்கள் வழுக்கை, நடுவில் நல்ல பட்டன். தக்காளி எழுதிய எழுத்து. முன் இடது டயரின் உள் ஓரத்தில் கம்பி எட்டிப் பார்த்தது. வெளியில் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. அந்த டயரோடுதான் போன வாரம் சேலம் போய் வந்திருக்கிறார்.

“அலைன்மென்ட் பண்ணாம புதுசு போட்டா இதுவும் இப்படித்தாண்ணா போகும்” என்றான் தம்பி. நியாயமானவன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்பின் மாற்றிக்கொண்டே வந்திருந்தால் நான்கும் ஒன்றாகத் தேய்ந்திருக்கும், ஒன்றாக மாற்றலாம், எதை எங்கே போடுவது என்ற விவாதமே வந்திருக்காது.

நான்கும் வாங்கினோம். 2025 செப்டம்பரில் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியிருந்ததால், பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று சித்தப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தார். இரண்டு மாடல் காட்டினார்கள். ஒன்று நீண்ட ஓட்டம், மற்றொன்று ஈரப்பிடி. வழக்கம்போல, “எது அதிகம் ஓடும்?” என்று ஆரம்பித்தவரிடம், அவர் வாரா வாரம் சேலம் ஆஸ்பத்திரிக்குச் சித்தியை அழைத்துப் போவதை நினைவுபடுத்தினேன். எந்த வழி? தொப்பூர். எந்தப் பக்கம்? இறக்கம். இரண்டாவதையே எடுத்தார். தம்பி நான்கையும் புரட்டித் தேதியைக் காட்டினான், நான்கும் ஒரே வாரம். வால்வையும் புதுசாகப் போடச் சொன்னோம். அது சில்லறைக் காசு, ஆனால் பழைய வால்வின் ரப்பர் விரிசல் விட்டால் புது டயரிலும் காற்று நிற்காது.

எல்லாம் முடிந்து பில் போடும்போது தம்பி கேட்டான், “ஸ்டெப்னி பார்த்துடலாமாண்ணா?” டியூப்லெஸ் டயரும், பஞ்சர் கிட்டும், காற்றழுத்தம் காட்டும் சென்சாரும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-இல் விதியைத் தளர்த்தினார்கள். சித்தப்பாவின் வண்டியில் சென்சார் கிடையாது. டிக்கியைத் திறந்து, இரண்டு காலி கிரேட்டையும் ஒரு மண்வெட்டியையும் ஒதுக்கி, அடியிலிருந்து அதை உருட்டி எடுத்தான். வண்டியோடு வந்த டயர், ஒரு நாளும் தரையைத் தொட்டதில்லை. கேஜை வைத்தான். பதினொன்று காட்டியது.